இன்னும் ரெண்டு செகண்ட்

ஜூன் 3

புது வாஷிங் மெஷின் என் இருப்பிடத்தைக் கேட்கிறது. அதற்கென்று செல்போனில் ஒரு செயலி. திறந்ததும், நான் எங்கே இருக்கிறேன் என்று அறிய அனுமதி வேண்டுமாம். நான் எங்கே இருந்தால் அதற்கென்ன? அது இருப்பது எங்கள் வீட்டுப் பின்கட்டில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். அனுமதி இல்லை என்று அழுத்திவிட்டு, மெஷினின் குமிழைக் கையால் திருகித் துவைத்தேன். துணி வெளுக்கத்தான் செய்தது.

சென்னை விடுதியிலிருந்து நிரஞ்சனா கூப்பிட்டபோது சொன்னேன். சிரித்தாள்.

"உன்னைய யாரும்மா வேவு பார்க்கப் போறாங்க? நீ வெண்டைக்காய ஒடிச்சுப் பார்த்து வாங்குறதயா?"

"அதையும்தான். அது என் வெண்டைக்காய்."

"அப்பாவப் பாரு. ஊர்ச் சுவரெல்லாம் அவர் நம்பர்."

உண்மைதான். ஆனைமலை ரோட்டில் பாதிச் சுவர்களில் நீல மையில் இருக்கிறது: 'மோட்டார் காயில் கட்டப்படும் - தெய்வசிகாமணி', கீழே பெரிதாகச் செல்போன் எண். தண்ணீர்த் தொட்டி மேல் ஒன்று. இடிந்த சினிமா கொட்டகைச் சுவரில் ஒன்று. அவர் மனைவியான நான் சூப்பர் மார்க்கெட்டில் எண் கேட்டால் கடைசி இலக்கத்தை மாற்றிச் சொல்கிறவள். ஜாதகம் பார்த்தவர் இதைக் கவனிக்கவில்லை.

நாட்குறிப்பைக் காகிதத்தில் எழுதுவதும் இதனால்தான். காகிதம் எதற்கும் அனுமதி கேட்பதில்லை.

ஜூன் 5

பதினோராம் பாகம் பாதி முடிந்தது. புசான் துறைமுகத்தில் சலவைக்கடை வைத்திருக்கும் பெண்ணும், கப்பலில் போய்ப் போய் வரும் மாலுமியும். பதினாறு பாகம். மாலுமி இதுவரை நான்கு முறை சொல்லாமல் போயிருக்கிறான்.

கொரியத் தொடர்களுக்குத் தமிழ் வசன வரி போடும் எங்கள் குழுவில் பதினொரு பேர். யாருக்கும் யார் பெயரும் தெரியாது. பெயர், ஊர், வேலை, குடும்பம் எதையும் கேட்கக் கூடாது என்பது நான்காம் விதி. வட்டாரப் பேச்சில் எழுதக் கூடாது, ஊர் தெரிந்துவிடும் என்பது ஐந்தாம் விதி. இரண்டையும் எழுதியவள் நான். குழுவில் என் பெயர் உப்புமா. குழுவை நடத்துபவர் சீரகமிட்டாய். ஆங்கில வரிகளைப் பார்த்துத் தமிழில் எழுதுவது என் வேலை. ஒவ்வொரு வரியும் திரையில் எப்போது தோன்ற வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்று நேரம் வைப்பவர் டார்ச்லைட்.

டார்ச்லைட் ஆணா பெண்ணா தெரியாது. வயது தெரியாது. 'அவர்' என்று எழுதிக்கொள்கிறேன். தமிழில் இந்த வசதி இருக்கிறது.

அவரிடமிருந்து மூன்று வருஷமாக வரும் திருத்தம் ஒன்றே ஒன்று: "இந்த வரிக்கு இன்னும் ரெண்டு செகண்ட் விடுங்க. எங்க வீட்டுல ஒருத்தர் மெதுவாப் படிப்பாங்க." யார் அந்த ஒருத்தர் என்று நான் கேட்டதில்லை. ஆனால் எழுதும்போது அந்த ஒருத்தரை நினைத்துத்தான் எழுதுகிறேன். நீளமான சொல் வந்தால் உடைத்துச் சின்னதாக்குகிறேன்.

இந்தப் பாகத்தில் அந்தப் பெண் மாலுமியை 'ஒப்பா' என்று கூப்பிடுகிறாள்; கொரிய மொழியில் அண்ணனுக்கும் காதலனுக்கும் அதே சொல்தான். அண்ணா என்று போட்டால் காதல் அந்த இடத்திலேயே செத்துவிடும். இரண்டு நாள் யோசித்தோம். "மாமான்னு போட்டா என்ன?" என்றார் டார்ச்லைட். நீளக் கோட்டும் கையில் காபியுமாக அந்தப் பெண் துறைமுகத்தில் நின்று 'ஏனுங் மாமா' என்று கத்துவதை நினைத்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"என்ன புள்ள, தனியாச் சிரிக்கிற?" என்று இவர் எட்டிப் பார்த்தார். விளக்கிச் சொன்னேன். "ஓ" என்றுவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. விளக்கினால் யாருக்கும் சிரிப்பு வராது.

ஜூன் 7

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். பழைய அரட்டைச் செயலி எங்கள் தொலைபேசிப் புத்தகத்தைப் பார்க்க அனுமதி கேட்கத் தொடங்கிவிட்டது. குழுவையே வேறு செயலிக்கு மாற்றிவிடுவோம் என்றேன். புதியதில் தொலைபேசி எண்ணே வேண்டாம். பேசியதெல்லாம் ஒரே நாளில் தானாக அழிந்துவிடும். காலையில் அதற்கான சுட்டியைப் பழைய குழுவில் போட்டேன். ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

"என்னங்க உப்புமா, திடீர்னு?" என்று கேட்டார் சீரகமிட்டாய்.

"திடீர்னு இல்லை. ரொம்ப நாளா யோசிச்சதுதான்."

ஜூன் 8, ஞாயிறு

பதினோராம் பாகத்தை எங்கள் தளத்தில் ஏற்றியாகிவிட்டது. நேரமெல்லாம் டார்ச்லைட் வெள்ளிக்கிழமையே வைத்து அனுப்பியிருந்தார்.

"எல்லாரும் புதுசுக்கு வந்தாச்சா?" என்று சீரகமிட்டாய் கேட்டார். வந்தாச்சு என்றேன். மாலையில் பழைய குழுவை அழித்தேன். அதிலிருந்த என் கணக்கையும் அழித்தேன். நிச்சயமாகவா என்று இருமுறை கேட்டது. நிச்சயமாக. மூன்று வருஷப் பேச்சு கண்ணெதிரே போனது. கூட்டித் துடைத்த வீடு போல இருந்தது.

ஜூன் 10

டார்ச்லைட் இன்னும் வரவில்லை. நாளை வருவார்.

ஜூன் 12

எண்ணிப் பார்த்தேன். பத்துப் பேர்தான் இருக்கிறோம்.

"அவருக்கு நாம எங்க போனோம்னே தெரியாதே உப்புமா. சுட்டி பழைய குழுவுலதானே இருந்துச்சு. அதுவும் இப்ப இல்ல" என்றார் சீரகமிட்டாய். "ரெண்டு மூணு நாள் வர மாட்டேன்னு அவர் யார்கிட்டயும் சொல்லலையா? உங்ககிட்டதானே அதிகம் பேசுவார்."

அப்படி எதுவும் பார்த்த ஞாபகம் இல்லை.

அவர் எண் யாரிடமும் இல்லை. பெயர் தெரியாது. ஊர் தெரியாது. என் விதிகள் எவ்வளவு நன்றாக வேலை செய்கின்றன.

ஜூன் 14

மழை. பட்டறைக்குள் தண்ணீர் வந்து, நனைந்த மோட்டார்களை எல்லாம் இவர் பெஞ்சு மேல் ஏற்றி வைத்திருக்கிறார்.

பன்னிரண்டாம் பாகத்துக்கு நானே நேரம் வைத்தேன். இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. உதடு அசையும் முன்பே வரி வந்துவிடுகிறது. இல்லாவிட்டால் அழுது முடித்த பிறகு வருகிறது. மாலுமி மழையில் நின்று பேசும் காட்சி ஒன்று. கொரிய நாயகர்கள் எவ்வளவு நனைந்தாலும் யாரும் ஒரு துண்டு கொடுப்பதில்லை. தலையைத் துவட்டாமல் காதலைச் சொல்கிறார்கள். இதை எழுதி அனுப்ப ஆளில்லாமல் இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 18

ஸ்டோர் ரூமில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் காவலுக்கு வைத்திருக்கிறேன். வீட்டு இணையத்தில் வரும் விளம்பரங்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவது அதன் வேலை. நிரஞ்சனா அதற்கு 'வாட்ச்மேன்' என்று பெயர் வைத்திருக்கிறாள். இன்று மட்டும் ஐந்நூறு பேரை விரட்டியிருக்கிறது. திரையில் எண் ஏறுவதைப் பார்க்க எப்போதும் எனக்கு ஒரு சந்தோஷம். இன்று வரவில்லை. ஒருவர் வர வேண்டும் என்றிருக்கும்போது வாட்ச்மேனைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

சமையல் முடித்து உட்கார்ந்தவள் மாலை வரை எழுந்திருக்கவில்லை. ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன்.

சென்ற வருஷம் மூன்று பாகங்கள் ஒரு நாள் தாமதமாக வந்தன. மூன்று முறையும் டார்ச்லைட் சொன்ன காரணம் ஒன்றுதான்: காலையிலிருந்து சாயந்திரம் வரை கரண்ட் இருக்காது. மாதாந்திரப் பராமரிப்பு. எந்தத் துணை மின்நிலையத்தில் எந்தத் தேதி என்று செய்தித்தாள்கள் முன்கூட்டியே போடுகின்றன. அவை இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. பாகங்கள் வெளிவந்த தேதி எங்கள் தளத்திலேயே இருக்கிறது. மூன்று தேதியும் பொருந்திய இடம் ஒன்றே ஒன்று. தென்காசிப் பக்கம். அதற்கு மேல் இங்கே எழுதப்போவதில்லை.

கண்டுபிடித்ததும் கைதட்ட வேண்டும் போல் இருந்தது. பிறகு திறந்திருந்த பக்கங்களையெல்லாம் மூடினேன். கரண்ட் இல்லை என்று ஒருவர் வருத்தத்தோடு சொன்னதை வைத்து அவர் வீட்டு வாசல் வரை போய் நிற்கிறேன். இப்படி யாரும் செய்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை விதியும் எழுதினேன்.

ஜூன் 23

இவரிடம் சொல்லிவிட்டேன். முழுவதும் இல்லை. குழுவில் ஒருவரைத் தொலைத்துவிட்டேன், ஊர் மட்டும் தோராயமாகத் தெரியும் என்றேன்.

"அப்ப ஒரு நாள் வண்டியெடுத்துட்டுப் போலாமா?" என்றார். கையில் செம்புக் கம்பி. காயில் சுற்றிக்கொண்டே பேசினார்.

"போயி என்னன்னு கேக்கறது? பேரு தெரியாதுங்க. டார்ச்லைட்டுன்னுதான் தெரியும்."

"டார்ச்லைட்டு இருக்குதான்னு கேட்டா கடைக்காரன் ரெண்டு பேட்டரியும் சேத்துக் குடுப்பான்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். எத்தனை நாளாகிவிட்டது, இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்து.

"நீ தேடறயே, அவங்க உன்னைத் தேடுனா எப்படிக் கண்டுபுடிப்பாங்க?"

"முடியாது. அந்த மாதிரிதான் வெச்சிருக்கேன்."

"அப்பறம் எப்படிப் புள்ள? நம்பரை எழுதிப் போட்டாத்தான கூப்புடுவாங்க."

ஜூன் 27

மனசு சரியில்லை. அதை எழுதிவிடுகிறேன்.

குழுவை மாற்றியதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயந்திரம், பதினோராம் பாகத்தை அனுப்பிவிட்டு டார்ச்லைட் எனக்குத் தனியாக எழுதினார்.

"உங்க ஊர்ல மழையா? இங்க நல்ல மழை."

நான்காம் விதி என்று ஒரு சிரிக்கும் பொம்மையோடு அனுப்பினேன்.

"சரி, ஊர் வேண்டாம். பேர் கேக்கலாமா? மூணு வருசமா உப்புமான்னு கூப்பிடறேன். எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

பதில் எழுதவில்லை. மாவு அரைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது இன்னொன்று இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல அந்த ஒருத்தர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு மூணு நாள் வர மாட்டேன். வந்து பேசறேன்."

அதையும் பார்த்தேன். பார்த்த ஞாபகம் இல்லை என்று பன்னிரண்டாம் தேதி எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டிலேயே இப்படி.

மறுநாள் காலை சுட்டியைப் போட்டேன்.

இதில் தொலைபேசிப் புத்தகம் எங்கே வந்தது? அது அனுமதி கேட்டு ஒரு மாதமாகியிருந்தது.

உப்புமாவுக்கு வயது கிடையாது. உப்புமா நன்றாகச் சிரிக்க வைப்பாள், எதையும் பட்டென்று சொல்வாள், அவள் எழுதும் வரிகளுக்காக எங்கோ ஒருத்தர் மெதுவாக, விடாமல் படித்துக்கொண்டிருந்தார். வசந்தாமணிக்கு நாற்பத்தாறு வயது. பி.எஸ்ஸி. படித்துவிட்டு மோட்டார் பட்டறைக்கு பில் போடுகிறாள். பெயரைச் சொன்னால் உப்புமா போய்விடுவாள், வசந்தாமணி மட்டும் மிச்சமிருப்பாள் என்று பயந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து அவர் செல்போனைத் திறந்திருப்பார். குழு இல்லை. நான் இல்லை. பேர் கேட்ட கையோடு ஆளே காணாமல் போனால் கேட்டவர் என்ன நினைப்பார்? எங்கள் தளம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு பாகத்தின் கீழும் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். எழுதவில்லை. வழி தெரியாமல் இல்லை. வரக் கூடாது என்று புரிந்துகொண்டு நின்றிருக்கிறார்.

அந்த ஒருத்தருக்கு இப்போது எப்படி இருக்கிறதோ.

ஜூலை 1

தென்காசிக்குப் போகவில்லை. இனித் தேடவும் மாட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

பதினைந்தாம் பாகம் வெளிவந்தது. மாலுமி ஐந்தாம் முறையாகப் போய்விட்டான். இந்த முறை சொல்லிவிட்டுப் போனான். சொன்னாலும் அவள் அழத்தான் செய்கிறாள், ஆனால் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு அழுகிறாள்.

கருத்துப் பகுதியில் ஒருவர்: "நேரம் சரியில்லை. பழைய ஆளைக் கூப்பிடுங்க."

ஜூலை 9

கடைசிப் பாகம். பாட்டு முடிந்து, பெயர்கள் ஓடி, திரை கறுப்பாகிறது. அந்தக் கறுப்பு கொஞ்ச நேரம் நிற்கிறது. அதில் ஒரு வரி எழுதினேன். அழித்தேன். சாதம் வடித்துவிட்டு வந்து மறுபடி எழுதினேன்.

'என் பேர் வசந்தாமணி. ஊர் பொள்ளாச்சி. இங்கேயும் மழை.'

சீரகமிட்டாய்க்கு அனுப்பியதும் பதில் பறந்து வந்தது.

"உப்புமா! இது என்ன? யாராவது உங்க கணக்கைத் திருடிட்டாங்களா?"

"இல்லைங்க. நான்தான்."

"நான்காம் விதி?"

"மத்தவங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னுதான் விதி. தானாச் சொல்லக் கூடாதுன்னு எங்கயும் எழுதலை. நான்தானே எழுதுனேன், எனக்குத் தெரியும்."

பிறகு: "வசந்தாமணி... நான் உங்களை இருபது வயசுப் பையன்னு நெனச்சுட்டு இருந்தேங்க."

ஜூலை 13, ஞாயிறு

ஏற்றியாகிவிட்டது. ஏற்றிவிட்டுத் துணி துவைக்கப் போனேன். வாஷிங் மெஷின் இன்றும் இருப்பிடம் கேட்டது. ஊருக்கே சொல்லியாகிவிட்டது. ஆனாலும் உனக்குக் கிடையாது.

ஜூலை 15

காலையிலேயே இவருடைய தம்பி மனைவி கஸ்தூரி போனில் கூவினாள். "ஏனுங்க்கா, கொரியாப் படத்துல உங்க பேரு வருதுங்க்கா! எம்பட பையன் காட்டறான். நீங்க நடிச்சிருக்கீங்களா?"

"நடிக்கல கஸ்தூரி. எழுதினேன்."

"அதென்னங்க்கா மழைன்னு போட்டிருக்கு? இங்க வெயில் கொளுத்துது."

தளத்தில் முப்பது கருத்துகள். பொள்ளாச்சியில் எந்த ஏரியா என்று இரண்டு பேர். தேங்காய் என்ன விலை போகிறது என்று ஒருவர். உண்மையான பெயராக இருக்காது, ஏதோ குறியீடு என்று ஒருவர் நீளமாக விளக்கியிருக்கிறார். எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

மத்தியானம் சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"யாருக்குப் புள்ள அது?"

"எதுங்க?"

"அந்த மழை."

ரசம் ஊற்றினேன். "ஒருத்தர் கேட்டிருந்தாங்க. பதில் சொல்லாம விட்டுட்டேன்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியலைங்க. நெசமாத் தெரியல."

பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். நான் கரண்டியோடு நின்றேன். என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"என்கிட்டயும் அந்த மாமா கதையெல்லாம் சொன்ன. எனக்குத்தான் சட்டுனு புடிபடல" என்றார். பிறகு, "எழுதுனது எழுதுன, நம்பரையும் போட்டிருக்கலாம்ல."

ஜூலை 18

கருத்துகள் நின்றுவிட்டன. தொடர் முடிந்தால் அவ்வளவுதான், கூட்டம் அடுத்ததற்குப் போய்விடுகிறது.

ஜூலை 20

இல்லை.

ஜூலை 22

நிரஞ்சனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். "ம்மா, ஒருவேளை அவங்க பாக்கவே இல்லாம இருந்தா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இருக்கலாம்."

"அப்ப உன் பேரு சும்மா அங்க நிக்குமா?"

"நிக்கட்டும்."

போனை வைத்த பிறகு அந்தக் கறுப்புத் திரையைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வரி வந்தது, போனது. என் பெயரைத் திரையில் இதற்கு முன் நான் பார்த்ததில்லை. அம்மா வைத்தபோது அவளுக்குப் பிடித்துத்தான் வைத்திருப்பாள்.

ஜூலை 24, வியாழன்

இட்லிக்கு ஊற வைத்துவிட்டுத் தளத்தைத் திறந்தேன். பதினாறாம் பாகத்தின் கீழே, எல்லாவற்றுக்கும் கடைசியில் புதிதாக ஒன்று. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயரிலி'. ஐந்தாம் விதியைச் சுத்தமாக மறந்துவிட்டு எழுதியிருந்தது.

"கடைசி வரி நிக்கவே மாட்டேங்கு. எங்க சித்தி ஆஸ்பத்திரில இருந்து வந்து இப்பதான் பாக்காங்க. வசந்தாமணி வரைக்கும் வாசிச்சிட்டாங்க, ஊரு வாசிக்கதுக்குள்ள ஓடிருது. இன்னும் ரெண்டு செகண்ட் விடுங்க. இங்க சாரல்."

சித்தி. அந்த ஒருத்தர் சித்தி.

பின்கட்டுப் படியில் போய் உட்கார்ந்தேன். வெயில் பளீரென்று அடித்தது. பட்டறையில் இவர் ஏதோ மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. போய்ச் சொல்ல வேண்டும், இந்த முறை நிதானமாக, முதலிலிருந்து.

அதற்கு முன் கோப்பைத் திறந்து அந்த வரிக்கு இரண்டு செகண்ட் சேர்த்தேன். பிறகு இன்னும் இரண்டு. மெல்ல வாசிக்கட்டும்.